இயற்கையாகச் சாக நான் எழுதிக் கொடுத்த பத்திரம்

முதலில் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நோயைப் பிறகு சொல்லலாம்.

போன கார்த்திகையில் என் இடது தொடை இடுக்கில் ஒரு புண் வந்தது. சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். நடுவில் கருப்பாகப் பொருக்குத் தட்டி, ஓரத்தில் லேசாகச் சிவந்து, யாரோ பீடியை அழுத்தி அணைத்த மாதிரி இருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. இடம்தான் சரியில்லை. டாக்டரிடம் காட்டுவதற்கு வேட்டியை எவ்வளவு தூரம் விலக்க வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் அளந்து பார்த்தேன். அளந்ததோடு சரி.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. வீட்டில் மூன்று அலமாரி புத்தகம். மூடநம்பிக்கைகளைக் கிண்டல் செய்து இருபது வருடமாகச் சிற்றிதழ்களில் எழுதி வருகிறேன். எங்கள் சங்கரன்கோவில் கோயிலில் கொடுக்கிற புற்றுமண்ணைத் தோல் நோய்க்குப் பூசிக்கொள்கிறவர்களைப் பற்றி மட்டும் மூன்று கட்டுரைகள். மூன்றுக்கும் வாசகர் கடிதம் வந்தது. அப்படிப்பட்டவன், மனைவி கோமதி குளிக்கப் போகும் நேரம் பார்த்து, பூஜை அலமாரியில் இருந்த டப்பாவைத் திறந்து, புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து அந்த இடத்தில் அப்பிக்கொண்டேன். ஒரு தடவை அல்ல. நாலு நாள், காலையும் மாலையும். வேட்டியில் ஒட்டாமலிருக்க ஃபேனுக்கு நேரே நின்று காய வைத்தும் கொண்டேன்.

மண்ணின் மேல் குற்றம் ஏதும் இல்லை. அது பாட்டுக்கு டப்பாவில் இருந்தது. அதைப் பூசிக்கொண்டு, பூசியதை வெளியே சொல்லாமல் இருந்தது நான்.

இரண்டாவது முட்டாள்தனம் இதைவிடப் பெரியது. அதற்குச் சாட்சிகள்கூட உண்டு.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசைத்தறிக் கூடங்களுக்கு பில் புத்தகம் எல்லாம் அடிப்பேன் என்றாலும், முகூர்த்தம் பார்க்காமல் வருகிற வேலை கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். போட்டோவும் பெயரும் அவர்கள் கொடுப்பார்கள். வாசகம் என் பொறுப்பு. சிலர் சிவபதவி அடைவார்கள், சிலர் இறைவனடி சேர்வார்கள், பொதுவாக எல்லோரும் இயற்கை எய்துவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் அப்பாவின் போஸ்டருக்காக வந்தார். பெரியவர் மதுரையில் நாற்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து இறந்திருந்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. தொண்டையில ஒரு குழா, மூக்குல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு, கீழ ஒண்ணு. கடைசியில முகத்தையே அடையாளம் தெரியல. இயற்கை எய்தினார்னு போட்டா ஊருல சிரிக்க மாட்டாங்கல்லா?”

“யாரும் சிரிக்க மாட்டாங்க” என்று சொல்லி அப்படியே அடித்துக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. சாவைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்தவனுக்கு வருகிற வியாதி எனக்கும் வந்தது: உடனே ஒன்றை எழுத வேண்டும். முத்திரைத்தாள் வாங்கி என் விருப்பப் பத்திரத்தை எழுதினேன். “எனக்கு இயற்கையான மரணமே வேண்டும். செயற்கைச் சுவாசக் கருவி, குழாய், மின் அதிர்ச்சி முதலிய எதையும் என் உடலில் பிரயோகிக்கக் கூடாது.” அருமையான தமிழ். இலை உதிர்வதைப் பற்றி ஒரு உவமைகூட இருந்தது. எந்த நோய்க்கு, எந்தக் கட்டத்தில் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி வக்கீல் நண்பர் ஒருவர் சொன்னார். நடை கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு என் மைத்துனர் ஆவுடையப்பனிடம் போனேன். கோமதியின் அண்ணன். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். உலகத்தில் பதிவானது, பதிவாகாதது என்று இரண்டே வகைப் பொருள்கள் இருப்பதாக நம்புகிறவர். பத்திரத்தை இரண்டு முறை வாசித்தார்.

“மாப்ளே, யோசிச்சுத்தான் எழுதியிருக்கீரா? எழுதிட்டா எழுதுனதுதான். நாளைக்கு வந்து, அந்த அர்த்தத்துல சொல்லலன்னு சொல்லப்படாது.”

“மச்சான், நான் இதைப் பத்தி ஒரு வருசமாப் படிச்சிட்டு இருக்கேன்.”

“படிச்சா சரி” என்று கையெழுத்துப் போட்டார். இன்னொரு சாட்சியையும் கெசட்டட் அதிகாரியையும் அவரே பிடித்துக் கொடுத்தார். மூலப் பத்திரத்தை லேமினேட் செய்து தன்னிடம் வைத்துக்கொண்டார். நான் நகலை வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டுவேன். மரணத்துக்கு அஞ்சாதவன் என்று ஒரு பெயர் உண்டாகி வந்தது.

அந்தப் பெயரோடு நான் காய்ச்சலில் விழுந்தேன்.

மண் பூசத் தொடங்கிய ஐந்தாம் நாள் குளிர் அடித்தது. அடுத்த நாள் தலைவலி. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடித்துப் படம் மாட்டுகிற மாதிரி. மூன்றாம் நாள் கோமதி என்னை எங்கள் வழக்கமான டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஊசிக்கும் மாத்திரைக்கும் முன்னால் நிறையக் கேள்வி கேட்கிற மனிதர். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார்.

“காலையில எங்க நடக்கப் போறீங்க?”

“குளத்துக்கரைப் பக்கம், டாக்டர். உடைமரத்துக்கு அடியில புல்லுல உக்காந்து கொஞ்ச நேரம் வாசிப்பேன். இயற்கையோட இருக்கலாம்னு.”

“உடம்புல எங்கயாவது கருப்பாப் பொருக்கு மாதிரிப் புண்ணு இருக்கா? கக்கம், தொடை இடுக்கு, அங்கன இங்கன?”

ஒரு பக்கம் கோமதி நின்றாள். மறுபக்கம் ஊசியோடு நர்ஸ் பெண். அவளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தவன் நான். திரையை இழுத்துவிடுங்கள், வேட்டிக்குள் புற்றுமண் பூசியிருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இல்லை, டாக்டர்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

நான் எழுதியவை பேசியவை எல்லாவற்றிலும் மிகக் குறைந்த சொற்களில் மிக அதிகக் கேடு செய்தது அந்த ‘இல்லை’தான். அவர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

டெங்கு இல்லை. டைஃபாய்டு இல்லை. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. ரத்தம் உறைவதற்கு உதவுகிற துணுக்குகள் அவை. கல்லீரல் வீங்கியிருப்பதாக இன்னொரு தாள் சொன்னது. பொதுவாக எல்லாக் கிருமிக்கும் போடுகிற ஊசியைப் போட்டார்கள். என்னுடைய கிருமி பொதுவில் சேராதது போலிருக்கிறது, அது அசையவில்லை. காத்திருப்பு அறையில் ஒவ்வொரு தாளும் வருகிறபோது ஏதாவது ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிடாதா என்றுகூட இருந்தது. இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்று சொல்லச் சொல்ல, மிச்சமிருப்பது பெரிதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் கோமதியிடம் ஒரு நகைச்சுவை சொன்னேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “பேசாம இருங்க” என்றாள்.

ஆறாம் நாள் காலை, படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தேன். மூச்சு பாதியில் நின்றது. இழுத்தால் உள்ளே போகிறது, ஆனால் போன இடத்தில் எதுவும் நடக்கவில்லை. விரல் நுனியில் ஒரு கிளிப் மாட்டி ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்ப்பார்கள். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு எண்பத்திரண்டு. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் தலையணைப் பஞ்சைத் திணித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. “இங்க வச்சிருக்கக் கூடாது. இப்பவே திருநெல்வேலிக்குக் கிளம்புங்க” என்றார். சொல்லும்போதே அவர் குரல் தணிந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் கோமதி என் காலடியில் உட்கார்ந்து எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டு வந்தாள். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது விசிறுவதில் பயன் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆவுடையப்பன் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மஞ்சப்பை. அதன் வாயில் லேமினேட் செய்த ஒரு மூலை பளபளத்தது.

மானூர் தாண்டுகிறபோதுதான் அதைப் பார்த்தேன். அதுவரை நான் பயந்தது நோய்க்கு. அங்கிருந்து நான் பயந்தது என் பத்திரத்துக்கு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாவைப் பற்றி நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்று இல்லை. இருந்தாலும் நான் கவனிக்கவில்லை. அது தத்துவம் அல்ல. கிணற்றுக்குள் தலையைப் பிடித்து அழுத்துகிற மாதிரி. உடம்பு முழுவதும் ஒரே ஒரு வேண்டுகோளாக மாறிவிடுகிறது: காற்று. இலையாவது உதிர்வதாவது. என்ன கருவி வேண்டுமானாலும் வரட்டும், எத்தனை குழாய் வேண்டுமானாலும் போடட்டும். அந்தப் பையில் இருக்கிற தாளை மட்டும் இந்த மனுஷன் வெளியே எடுக்காமல் இருக்க வேண்டும். “மச்சான், அதைக் கிழிச்சிருங்க” என்று சொன்னால் முடிந்தது. சொல்ல வாய் திறந்தேன். அவர் குனிந்து, “என்ன மாப்ளே, தண்ணி வேணுமா?” என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும், ஒரு வருசமாகப் படித்தேன் என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப் பிரிவில் என்னைச் சுற்றித் திரை போட்டார்கள். முகமூடி வழியாக ஆக்சிஜன் பேரிரைச்சலோடு வந்தது, இருந்தும் போதவில்லை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க டாக்டரம்மா ஒருவர் என் மார்பில் ஸ்டெத்தை வைத்துவிட்டு வெளியே போனார். திரை இடைவெளியில் அவர் பேசுவது காதில் விழுந்தது.

“அவரால இனிமே தானா மூச்சு விட முடியாது. வாய் வழியா மூச்சுக்குழலுக்குள்ள குழா போட்டு மெஷின்ல வைக்கணும். என்ன நோயின்னு இன்னும் தெரியல. டெஸ்ட் எல்லாம் வர நேரமாகும். குழா இப்பவே போடணும்.”

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். முப்பது வருடம் ஒவ்வொரு கிரயப் பத்திரத்துக்கும் முன்னால் செருமிய அதே செருமல். மஞ்சப்பைக்குள் கை போயிற்று.

“டாக்டர், இவர் விசயத்துல ஒரு பத்திரம் இருக்கு.”

என் வாழ்நாளில் அதைவிடப் பயங்கரமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. எல்லாம் நானே எழுதியது. கையெழுத்து என்னுடையது. இரண்டு சாட்சி. நடை வேறு நன்றாக இருக்கும், வாசித்தால் நம்பிவிடுவார்கள். திரையைப் பார்த்தபடி கிடந்தேன். கூப்பிடலாம். கூப்பிட்டால், அஞ்சாதவன் கடைசியில் அலறினான் என்று ஆகிவிடும். சாவுக்கும் அசிங்கத்துக்கும் நடுவில் ஒருவன் இவ்வளவு நேரம் யோசிப்பான் என்று யாராவது எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்பேன். என் நினைவு அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. நான் வாயைத் திறக்கவில்லை என்பது வரை தெரியும்.

அதன் பிறகு வெளியே நடந்ததைக் கோமதி பின்னால் துண்டு துண்டாகச் சொன்னாள். டாக்டரம்மா பத்திரத்தை நின்றபடியே வாசித்தாராம்.

“இதுல எந்த நோய்க்குன்னு எழுதலியே?”

“எழுதல. ஆனா எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான டாக்டர்.”

“ஐயா, திரும்பி வர வழியே இல்லன்னு தெரிஞ்ச பிறகு சும்மா இழுத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதுவாங்க. இவருக்கு வழி இருக்கா இல்லியான்னு எனக்கே தெரியல. தெரியாம எப்படி விட முடியும்?”

டாக்டரம்மா உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து ஒரு படிவத்தை நீட்டினார். கோமதி கையெழுத்துப் போட்டாள். மயக்க ஊசி போட்டு, குழாயை இறக்கி, இயந்திரத்தில் மாட்டினார்கள். அரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா மறுபடி வெளியே வந்து, “உடம்புல எங்கயும் கருப்புப் புண்ணு இல்லன்னு பழைய சீட்டுல இருக்கே, உறுதியாத் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

“இல்லன்னுதான் சொன்னாரு” என்றாராம் ஆவுடையப்பன்.

கோமதி தரையைப் பார்த்துக்கொண்டு, “டாக்டர், பூஜை அலமாரியில புற்றுமண்ணு டப்பா நாலஞ்சு நாளாக் கொறைஞ்சிட்டே வந்துச்சு. நான் எடுக்கல” என்று சொன்னாளாம்.

உள்ளே ஒரு நர்ஸ், காய்ந்து ஒட்டிக் கிடந்த மண்ணை ஈரப் பஞ்சால் துடைத்தார். அடியில் பொருக்கு. பார்த்தவுடனே தெரிந்துவிட்டதாம். புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருகிற காய்ச்சல் அது. ஸ்க்ரப் டைஃபஸ் என்று பெயர். மழைக்குப் பிந்திய மாதங்களில் எங்கள் பக்கம் புதிதல்ல. கடித்த இடத்தில் வலிக்காமல் ஒரு கரும்பொருக்கு விழும், அதுதான் அடையாளம். முதல் வாரத்தில் பிடித்தால் சாதாரண மாத்திரையில் போய்விடும். பிந்தினால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கையை வைக்கும். நான் அடையாளத்தின் மேல் மண் பூசி, மேலே வேட்டி கட்டி, அதற்கும் மேலே ஒரு ‘இல்லை’யைப் போர்த்தி வைத்திருந்தேன்.

“டப்பா கொறைஞ்சது தெரிஞ்சும் ஏன் என்கிட்ட கேக்கல?” என்று கோமதியிடம் பின்னால் கேட்டேன்.

“கேட்டாக் கூசிப் போவீங்கள்லா. மூணு கட்டுரை எழுதியிருக்கீங்க” என்றாள்.

நான்காம் நாள் கண் விழித்தேன். விழிப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தொண்டைக்குள் குழாய். கைகள் இரண்டும் கட்டில் கம்பியில் துணியால் கட்டப்பட்டிருந்தன. மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதற்காக எல்லோருக்கும் அப்படித்தானாம். எனக்கு அது தெரியாதே. நான் மூச்சை வெளியே விட நினைக்கும்போது இயந்திரம் உள்ளே தள்ளியது. அதனோடு சண்டை போட்டால் அது கூவியது. கூவினால் ஒரு நர்ஸ் ஓடி வந்து, “மெஷின் கூட மல்லுக்கு நிக்காதீங்க சார், அது போக்குல விடுங்க” என்றார். விட்டேன். அங்கே பகல் இரவு இல்லை. ஒரே வெளிச்சம், ஒரே குளிர், ஒரே பீப் சத்தம். அந்தச் சத்தம் என்னுடையதா பக்கத்துக் கட்டிலுடையதா என்று எண்ணிக்கொண்டே கிடப்பேன். ஒரு துடிப்பு தாமதித்தால் அது பக்கத்துக் கட்டிலுடையது என்று முடிவு கட்டிவிடுவேன். பார்வை நேரத்தில் கோமதி வந்து, மேசை மேல் இருக்கும் என் கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்து வைப்பாள். அதைப் போட்டுக்கொண்டு பார்க்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது நாளுக்கு நாள் பளிச்சென்று ஆகிவந்தது.

பக்கத்துக் கட்டிலில் கடையநல்லூர்ப் பெரியவர் ஒருவர். எண்பதுக்கு மேல் இருக்கும். அவரும் குழாயில். நடுவில் ஒரு திரைதான். அவர் மகளும் டாக்டரம்மாவும் பேசியதை நான் கேட்கக் கூடாது. கேட்காமலிருக்கக் கையும் இல்லை, எழுந்து போகக் காலும் இல்லை.

“அம்மா, புற்றுநோய் நுரையீரல் முழுக்கப் பரவிட்டு. இந்த மெஷினால அவர் திரும்ப வர மாட்டாரு. நாளைத்தான் நீட்டுது. வலி தெரியாம மருந்து கொடுத்துட்டு மெஷினை நிறுத்தலாம். முறைப்படி மத்த டாக்டர்களும் பாத்தாச்சு. நீங்க சொல்லணும்.”

“வாப்பா ஒரு வார்த்தை சொல்லலியே டாக்டர். நல்லா இருந்த நாள்ல நாங்க யாரும் கேக்கவும் இல்ல. துபாய்ல இருக்க காக்கா நிறுத்தாதங்கான். நான் சரின்னு சொன்னா, வாப்பாவக் கொன்னவன்னு ஆயிருவேனே.”

“இதுக்குப் பேரு கொல்றது இல்லம்மா. கொல்றது அவரோட நோய்.”

“உங்களுக்குத் தெரியும். என் மனசுக்கு யாரு சொல்லுவா?”

வாயில் குழாயோடு நான் கிடந்தேன். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஒரு தாள். என் மைத்துனரின் மஞ்சப்பையில் இருந்த அதே தாள். அதை எழுதியிருக்க வேண்டியவர் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாதவன் எழுதிக் கல்யாண வீட்டில் வாசித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். இரண்டு நாள் அந்தப் பெண் போனைக் காதில் வைத்தபடி வந்து வந்து போனாள். மூன்றாம் நாள் முற்பகல் துபாயில் இருக்கும் அண்ணனும் ஒத்துக்கொண்டானாம். திரைக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தின் சத்தம் முதலில் தணிந்தது. மகள் மெல்லிய குரலில் ஓதுவது கேட்டது. என் மூச்சை அவர் மூச்சோடு சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு இடத்தில் எண்ணிக்கை எனக்கு மட்டும் என்றாகிவிட்டது. இந்த ஆஸ்பத்திரி நாட்களில் நான் அழுதது அப்போது ஒரு தடவைதான். குழாய் இருந்ததால் சத்தம் வரவில்லை.

அன்று மாலையே என் குழாயை எடுத்தார்கள். மருந்து வேலை செய்திருந்தது. குரல் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி வந்தது. மறுநாள் டாக்டரம்மா வந்தபோது, அந்தக் குரலில் முதல் கேள்வியைக் கேட்டேன்.

“அந்தப் பெரியவர் சாவு இயற்கையா டாக்டர்?”

“எங்க பேப்பர்லயா? போலீஸுக்குச் சொல்ல வேண்டாத சாவெல்லாம் இயற்கைதான் சார். நோயில போனா இயற்கை. விபத்து, விஷம், தூக்கு, கொலை, இதெல்லாம் இல்லை. குழா இருந்துச்சா, எடுத்தாங்களான்னு கேட்டு இயற்கையை முடிவு பண்றது இல்லை.”

“அப்ப நான் போயிருந்தா?”

“சுத்தமான இயற்கை” என்று சிரித்தார். “பூச்சி இயற்கை, கிருமி இயற்கை, நீங்க பூசுன மண்ணும் இயற்கை. நான் கொடுத்த மருந்து ஒண்ணுதான் செயற்கை.”

“பத்திரம் எழுதுனது தப்புங்கீங்களா?”

“எழுதுனது தப்பு இல்லை. பாதிப் பேர் எழுதாமத்தான் பிள்ளைகளைத் தவிக்க விடுறாங்க. திரும்ப வழியில்லாத கட்டத்துலன்னு ஒரு வரி சேர்த்திருக்கலாம். அதைவிட முக்கியம், வீட்டுல உட்கார்ந்து பேசியிருக்கலாம். தாளை லேமினேட் பண்ணுனாப் போதுமா?”

அந்த ஒரு வரியைத்தான் நடை கெடும் என்று நான் விட்டிருந்தேன்.

ஜவுளிக்கடைக்காரரின் கேள்விக்கு எனக்கு இப்போதும் சரியான பதில் தெரியாது. ஒன்று மட்டும் தெரிகிறது. முன்பெல்லாம் சாவு தானாக வந்தது. இப்போது பெரும்பாலும் யாரோ ஒருவர் ‘போதும்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் யார், எதை வைத்துச் சொல்வார் என்பதில்தான் என் பயம் எல்லாம். என் பத்திரம் அந்தச் சுமையை யாரிடமிருந்தும் இறக்கவில்லை. மனைவி ஒரு பக்கம், மைத்துனர் ஒரு பக்கம் நிற்க, தெரியாத ஒரு டாக்டரின் கையில் இருந்தது நான் உயிரோடு வருவேனா என்பது.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தேன். மெலிந்து, தாடியோடு, கழுத்தில் ஊசி போட்ட தழும்போடு இருந்தேன். பார்க்க வந்தவர்கள் என்னை விட்டுவிட்டுக் கோமதியைத்தான் விசாரித்தார்கள். அது நியாயம்தான். நானும் மனதுக்குள் அவளைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி முடித்திருந்தேன். உடன்பிறந்த அண்ணன் பத்திரத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். புருஷன் கையெழுத்து கண்ணெதிரே இருக்கிறது. அதையெல்லாம் மீறி இவள் பேனாவை வாங்குகிறாள். என் எழுத்தைவிட என்னைப் பெரிதாக நினைத்த ஒரே வாசகி. அவளிடம் கேட்டேன்.

“அந்த நேரம் எப்படி ஒனக்கு அந்தத் தைரியம் வந்துச்சு?”

“டாக்டர் நீட்டினாங்க, போட்டேன். பேனா எழுதல, ரெண்டு தடவை போட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஆவுடையப்பன் புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். எனக்கு அவர் மேல் ஒரு சின்ன வருத்தம் இருந்தது. கோமதி தெருமுனைக் கடைக்குப் போயிருந்த நேரம். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன்.

“மச்சான், குத்தமாச் சொல்லல. நீங்க பத்திரத்தைக் கொடுத்தது முறைதான். சாட்சின்னா அப்படித்தான் இருக்கணும். நானும் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லல. ஆனா கோமதி உங்களையும் மீறி, என் பத்திரத்தையும் மீறிக் கையெழுத்துப் போட்டாள்லா, அதை நெனச்சாத்தான் எனக்கு…”

ஆவுடையப்பன் காப்பியைக் கீழே வைத்தார்.

“யாரு மீறினா? ஏன் வே, ஒமக்கு நெசமாவே ஞாபகம் இல்லியா? அவ சொல்லக் கூடாதுன்னா, நீரு கேட்டதால சொல்லுதேன். நான் பத்திரத்தை டாக்டரம்மா கையில கொடுத்துப் பேசி முடிக்கல, திரைக்கு உள்ள இருந்து ஒரு சத்தம். மூஞ்சியில இருந்த மாஸ்க்கைப் பிடுங்கிட்டு, உள்ள வந்த டாக்டரம்மா கையை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு, ‘எல்லாத்தையும் மாட்டுங்க தாயே, ஒண்ணையும் விட்டுராதீங்க’ன்னு கெடந்து கத்துதீரு. வார்டே திரும்பிப் பாத்துச்சு. எழுதிக் கொடுத்தவரே வாயால ரத்து பண்ணுதாரு, இனிமே சாட்சிக்கு இங்கன என்ன சோலின்னு நான் டீ குடிக்கப் போயிட்டேன்.”